பள்ளத்து நீலம்

கம்பெனிக்காரர்கள் சுண்ணாம்புக்கல் எடுப்பதை நிறுத்திவிட்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனபின் பள்ளத்தில் ஊற்று ஊறியது. முதலில் அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளையாக இருந்தது. காலனிப் பெண்கள் அதில் துணி துவைத்தார்கள். பிறகு வெள்ளை அடியில் படிந்தது. தண்ணீர் தெளிந்தது. தெளியத் தெளிய நீலமானது.

சில்லக்குறிச்சியில் அந்த வருஷம் மழை இல்லை. முந்தின வருஷமும் இல்லை. குன்னம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பருத்தி முழங்கால் உயரத்திலேயே கருகி நின்றது. காலனிக்குப் போட்ட கைபம்பு காற்றை இறைத்தது. காலனிக்காரர்கள் கோடை முழுவதும் பள்ளத்துத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். பள்ளத்தில் நீலமாக இருந்தது குடத்தில் மொண்டால் நிறமில்லாமல் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சநாள் பேசினார்கள். பிறகு பேச்சு விட்டுப்போயிற்று.

மேலத்தெருக் கிணறுகளும் வற்றி, மேலத்தெருப் பெண்கள் குடத்தோடு பள்ளத்துக்கு வரவேண்டியதானபோதுதான் நீலம் பெரிய விஷயமானது.

"இது என்னாடி, துத்தம் கரச்ச மாதிரி இருக்கு?" என்றாள் கலியம்மாள். மேலத்தெருக் கொளஞ்சியப்பனின் மனைவி அவள்.

பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த காலனி ஆண்டாயிக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது. அவள் புருஷன் செல்லமுத்துவை ஊரில் துத்தம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

செல்லமுத்து ஆட்டுக்குக் கால் பார்க்கிறவன். குளம்பிடுக்கு அழுகி ஆடு நொண்டினால் அவனுக்கு ஆள் வரும். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துத் தகரத் தொட்டியில் ஊற்றி, ஒவ்வொரு ஆடாக அதில் நிறுத்தி எடுப்பான். அவன் நகக்கண்களில் எப்போதும் நீலம் இருக்கும். சோறு தின்னும்போதும் இருக்கும். கல்யாணமான புதிதில் ஆண்டாயி அருவருத்தாள். அப்புறம் அது அவன் கையின் நிறமாகிவிட்டது.

கலியம்மாள் சொல்லிப்போன இரண்டு நாளில் கொளஞ்சியப்பனின் ஆடுகள் இரண்டு பள்ளத்து ஓரத்தில் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. காலையில் அவை காய்ந்த சோளக்காட்டில் அறுத்த தாளில் துளிர்த்த மறுதாம்பை மேய்ந்துவிட்டு வந்தவை. வாடின சோளத்தை மேய்ந்தால் ஆடு சாகும் என்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. அன்றைக்கு யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அது கண்ணைப் பறிக்கிற நீலத்தில் கிடந்தது.

செல்லமுத்து பள்ளத்தில் துத்த டப்பாவைக் கழுவினதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். சாயந்திரத்துக்குள் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள்.

ஆண்டாயி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. மறுநாள் அவள் போனபோது அடுப்படியில் வேறொருத்தி இருந்தாள். பானையில் கை வைக்க வேண்டாம் என்று மேலத்தெருவில் சொல்லிவிட்டார்களாம். வியாழக்கிழமை பள்ளத்து மேட்டிலேயே பஞ்சாயத்து. குற்றம் ருஜுவானால் குடும்பம் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னது ஜானகி டீச்சர். டீச்சருக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். பெரம்பலூரில் அறை எடுத்துத் தங்கி தினமும் பஸ்ஸில் வந்துபோவார். சாயந்திர பஸ் வராத நாட்களில் ரோட்டோரம் மைல்கல்லின் மேலேயே உட்கார்ந்து தூங்குவார்.

"நீங்க ஏன் பயப்படறீங்க ஆண்டாயி? அது ஒண்ணுமில்ல. வானத்தோட நிறம் தண்ணில தெரியுது. எங்க ஊர்க் கடலும் அப்படித்தான் இருக்கும். கண்ணாடில மொகம் தெரியற மாதிரி. நான் வந்து சொல்றேன்."

"சொன்னா கேப்பாங்களா டீச்சர்?"

"பசங்களுக்கு நாங்க சொல்லிக் குடுக்கறதே இதைத்தான். ஏன் கேக்க மாட்டாங்க?"

ஆண்டாயிக்கு அது சரியாகப் பட்டது. வானம் நீலம். தண்ணீர் நீலம். இவ்வளவு எளிதான ஒன்று தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

செல்லமுத்து கேட்டுக்கொண்டான். அவன் உதடு வெடித்திருந்தது. ஆடு செத்த நாளிலிருந்து அவன் பள்ளத்துத் தண்ணீரைத் தொடவில்லை. பக்கத்து ஊர்க் கிணற்றில் யாராவது ஊற்றினால் குடித்துவிட்டு வந்தான்.

"டப்பாவ கழுவுனது நான்தான?" என்றான்.

"ஒரு டப்பாய்யா. அம்மாம் பெரிய பள்ளத்துல ஒரு டப்பா."

"ஒனக்குத் தெரியாது. ஒரு சிட்டிக போட்டா தொட்டியே நீலமாவும்."

"தொட்டியும் பள்ளமும் ஒண்ணா?"

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் சொல்வதைவிட இதுதான் அவளை அடித்துப்போட்டது. அவனுக்கே சந்தேகம்.

வியாழக்கிழமை விடிந்தபோது வானம் மூடிக் கிடந்தது. எருமைத்தோல் நிறத்தில், ஒரு பொத்தல் இல்லாமல். இரண்டு வருஷமாகக் காணாத மேகம். ஆண்டாயி வாசலில் நின்று பார்த்தாள். மழை வரும்போல இருந்தது. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் டீச்சரை வரவேண்டாம் என்று சொல்லியிருப்பாள்.

பள்ளத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேட்டில் ஊர் உட்கார்ந்திருந்தது. நடுவில் வீரமுத்து. முன்பு பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். பதவி போனபின்னும் தலைவர்தான். செல்லமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

டீச்சர் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். நன்றாகத்தான் பேசினார். தண்ணீருக்கென்று நிறம் கிடையாது, வானத்தின் நீலம்தான் அதில் தெரிகிறது, கடலும் ஏரியும் அப்படித்தான் என்றார். சிலர் தலையாட்டினார்கள். வீரமுத்துகூட மோவாயைத் தடவினார்.

கலியம்மாள் எழுந்தாள்.

"டீச்சரம்மா, செத்த மேல பாருங்க."

டீச்சர் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"வானம் கருத்துக் கெடக்கு. இப்ப கீழ பாருங்க."

பள்ளத்துத் தண்ணீர் வெயில் நாளைவிடக் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனால் நீலம்தான். சந்தேகமே இல்லாத நீலம்.

"கருப்பு மொகத்தக் காட்டுனா கண்ணாடி நீல மொகத்தக் காட்டுமா?"

"வானம் நேத்தே மொகம் பாத்துட்டுப் போயிருக்கும், அத்தே. இன்னம் அழியல" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். மேடு முழுக்கச் சிரித்தது.

டீச்சர் மேலே ஒருமுறை பார்த்தார். கீழே ஒருமுறை பார்த்தார். குடையின் பட்டனை அழுத்தி, மூடி, மறுபடி அழுத்தினார். அந்த நிமிஷத்தில் அவரும் கலியம்மாளோடு சேர்ந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது ஆண்டாயிக்குத் தெரிந்தது.

ஆண்டாயி சரிவில் இறங்கினாள். கையிலிருந்த சொம்பில் மொண்டு மேலே வந்தாள். பித்தளைச் சொம்பு, உள்ளே ஈயம் பூசியது. அடி தெரிந்தது.

"பாருங்கய்யா. துத்தம்னா இதுலயும் நீலமா இருக்கணும். எங்க இருக்கு நீலம்?"

கொளஞ்சியப்பன் சொம்பைப் பார்க்கவேயில்லை. "பாம்புக்கு வெசம் பல்லுல இருக்கு. நீ வாலப் புடிச்சுக் காட்டுற."

அவள் சொம்பைத் தூக்கிக் குடித்தாள். முழுக்கக் குடித்தாள்.

"துத்தத்தோட குடும்பம் நடத்துறவளுக்கு அது என்னா செய்யும்?" என்றாள் கலியம்மாள். மறுபடி சிரிப்பு.

காலனி மொத்தமும் கோடை முழுவதும் அதையே குடித்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒருவரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. காலனிக்காரர்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். யாரும் கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை.

வீரமுத்து செல்லமுத்துவைக் கூப்பிட்டார்.

"டேய், டப்பாவ கழுவுனியா இல்லியா?"

"கழுவுனேங்க."

"எப்ப?"

"தண்ணி வெள்ளையா இருந்தப்பங்க."

"அதுக்கப்புறம்தான் நீலமாச்சா?"

செல்லமுத்து கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன் யோசிப்பதுபோல யோசித்தான்.

"ஆமாங்க. அப்புறந்தான்."

பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அமாவாசைக்குள் போய்விட வேண்டும் என்று முடிவானது. கூட்டம் கலைந்தபோது டீச்சர் ஆண்டாயியிடம் வந்தார். ஏதோ சொல்ல வந்தவர், பஸ் வரும் சத்தம் கேட்டதும் சொல்லாமல் ரோட்டுப் பக்கம் நடந்தார்.

போவதற்கு ஜெயங்கொண்டத்தில் தம்பி வீடு இருந்தது. தம்பி செங்கல் சூளையில் இருந்தான். ஆண்டாயி சட்டிகளைத் துணியில் சுற்றினாள். செல்லமுத்து தகரத் தொட்டியைக் கூரையில் சொருகினான். அங்கே அது தேவைப்படாது என்றான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். கோபம் இல்லை. பார்த்தால் பேச வேண்டியிருக்கும்.

அன்று ராத்திரியே மழை பிடித்தது. மறுநாளும் விடவில்லை. அதற்கடுத்த நாளும் பெய்தது. காட்டுமண்ணும் கம்பெனிக்காரர்கள் கொட்டிய மேடும் கரைந்து ஓடையாகிப் பள்ளத்தில் விழுந்தன. மழை விட்ட காலையில் ஆண்டாயி போய்ப் பார்த்தாள். நீலம் இல்லை. பள்ளம் முழுக்கப் பால் குறைத்துப் போட்ட டீ நிறத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. சருகும் ஆட்டுப்புழுக்கையும் மிதந்தன.

மேலத்தெருப் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். முதலில் கலியம்மாள்.

"அப்பாடி. இதுல்ல தண்ணி" என்று குனிந்து மொண்டாள். குடத்து வாயில் முந்தானையைப் போட்டு வடிகட்டினாள். துணியில் மண் தங்கியது. அதை உதறிவிட்டு மறுபடி மொண்டாள். "வூட்ல தேத்தாங்கொட்ட இருந்தாக் குடுடி, ஆண்டாயி. ரெண்டு ஒரசிப் போட்டாத் தெளிஞ்சுடும்."

தெளிந்திருந்தபோது வேண்டாம் என்றவள் இப்போது தெளியவைக்கக் கொட்டை கேட்டாள். ஆண்டாயிக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்துத் தேத்தாங்கொட்டையைத் தேடி எடுத்து வந்து கொடுத்தாள்.

வீரமுத்து பள்ளத்து மேட்டில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார். அவள் கேட்டாள்.

"ஐயா, நாங்க கெளம்பணுங்களா?"

"எதுக்கு?"

"அமாவாசைக்குள்ளன்னு சொன்னீங்களே."

அவருக்கு நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. "அதான் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சே. கெடங்க கெடங்க." எச்சிலைத் துப்பினார். "ஆனா திரும்ப நீலம் தெரிஞ்சுது, அப்ப நான் பேச மாட்டேன். ஊரு பேசும்."

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. செல்லமுத்து அதைக் கேட்டதும் நேராகப் பள்ளத்துக்கு ஓடினான். கலங்கல் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். திரும்பி வந்தபோது மீசையில் மண் ஒட்டியிருந்தது.

"போயிடுச்சு ஆண்டாயி. நெசமாவே போயிடுச்சு."

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம் ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு தெருவிலும். அரியலூர் ஆஸ்பத்திரிக்குச் சிலரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புதுத் தண்ணீர், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். யாரையும் யாரும் பஞ்சாயத்துக்கு இழுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆண்டாயியை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கார்த்திகை தொடக்கத்தில் ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் ஜானகி டீச்சர் வந்தார். அன்றைக்குப் பிறகு அவர் அவளிடம் சரியாகப் பேசியிருக்கவில்லை. திருச்சியில் தன் காலேஜ் புரொபசரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"நான் சொன்னது தப்பு ஆண்டாயி. வானம் தெரியறது கொஞ்சந்தான். நீலம் தண்ணியோடதே."

ஆண்டாயி கையிலிருந்த சாம்பலை உதறினாள்.

"வெயில் பாக்க வெள்ளையா இருக்கு. ஆனா அதுல எல்லா நிறமும் இருக்கு. தண்ணிக்குள்ள போகப் போக, செவப்பத் தண்ணி குடிச்சிடுது. நீலத்தைக் குடிக்கறதில்ல. தண்ணியோட அணுவுல பட்டு அது நாலாப்பக்கமும் செதறுது. செதறி மேல வர்றதுதான் நம்ம கண்ணுக்கு வருது. மத்த நிறத்தைவிட நீலம்தான் அதிகமா செதறும். சொம்புத் தண்ணில அது தெரியற அளவுக்கு ஆழம் இல்ல. பள்ளத்துல இருக்கு. கடல்ல இருக்கு. உப்புத்தண்ணில இன்னும் கொஞ்சம் கூடவே செதறுமாம்." டீச்சர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். "தண்ணி எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நீலம். மேகம் இருந்தாலும் வெளிச்சம் வருதில்ல? அது போதும்."

"அப்ப மழ பேஞ்சதும் ஏன் போச்சுங்க?"

"மண்ணு. மண்ணு எல்லா நிறத்தையும் மறிச்சுடுது. வெளிச்சம் ஆழத்துக்குப் போக விடறதில்ல. மண்ணோட நிறந்தான் தெரியும்."

அடுக்கிய தட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்ப அவரு கழுவுன டப்பாவால இல்ல."

"இல்லவே இல்ல. கழுவாம இருந்தாலும் நீலந்தான்."

"அன்னிக்கு இதச் சொல்லியிருக்கலாங்களே டீச்சர்."

"அன்னிக்கு எனக்குத் தெரியாது."

அதைச் சொன்னபோது டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. ஆண்டாயிக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. பஸ்ஸுக்கு நின்று நின்று கறுத்துப்போன முகம். பாவம், திருச்சி வரை போய்க் கேட்டு வந்திருக்கிறார்.

"நான் ஊர்ல எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லட்டுமா? இப்ப சரியாச் சொல்லுவேன்."

"வேணாங்க. ஒரு தடவ சொன்னீங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஆண்டாயி அடுத்த தட்டை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள்.

"மண்ணு அடங்குச்சுன்னா?"

"என்ன?"

"பள்ளத்துல இருக்கற மண்ணு அடியில போய் ஒக்காந்துடுச்சுன்னா, திரும்ப நீலமாயிடுங்களா?"

டீச்சர் அப்போதுதான் அதை யோசித்தார்.

"ஆகும்" என்றார்.

புருஷனிடம் ஆண்டாயி எல்லாவற்றையும் சொன்னாள். செவப்பைத் தண்ணீர் குடிப்பதையும் நீலம் சிதறுவதையும் தனக்கு வந்தபடி சொன்னாள். அவன் கேட்டான். நம்பினானா என்று தெரியவில்லை. "டீச்சரு அன்னிக்கு வேற சொன்னாங்க" என்றான். அவன் தொட்டியைக் கூரையிலிருந்து இறக்கவில்லை. மழைக்குப்பின் ஊரெல்லாம் ஆடுகள் நொண்டின. ஆள் வந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினான். கடலைக்காட்டில் களை வெட்டப் போனான். நகத்திலிருந்த நீலம் வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்து, ஒருநாள் வெட்டியபோது போய்விட்டது. அவன் கை யாரோ ஒருவனுடைய கைபோல இருந்தது.

மார்கழி முழுவதும் மழை இல்லை. ஓடை நின்றது. ஆண்டாயி தினமும் பள்ளத்தைப் பார்த்தாள். டீ நிறம் மெல்ல மோர் நிறமானது. மோர் பச்சையானது. கலியம்மாள் தேத்தாங்கொட்டை கேட்பதை நிறுத்தினாள். தண்ணீர் தானே நல்லா தெளிஞ்சு வருது, நம்ம ஊரு யோகம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் ஆண்டாயி குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, மற்றவர்கள் வருமுன் குடத்தோடு போனாள். கிழக்குப் பாறைக்குக் கீழே, ஆழம் அதிகமான மூலையில், வெயில் சாய்ந்து விழுந்த இடத்தில் அது வந்திருந்தது. ஒரு பாய் அகலம்தான். சுத்தமான நீலம். அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று அவள் இதற்கு முன் நினைத்ததில்லை.

குடத்தை நிரப்பாமல் வீட்டுக்கு வந்தாள். செல்லமுத்து அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் கழுவல ஆண்டாயி" என்றான். எழுந்து நின்றுவிட்டான். "சத்தியமா அந்தப் பக்கமே போவல. தொட்டி கூரையிலதான் இருக்கு, வேணா பாரு."

"தெரியும்யா."

"டப்பாவத் தொறந்துகூடப் பாக்கல."

"தெரியுங்கறேன்ல?"

அவள் மூலையில் கிடந்த கூடையை எடுத்தாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். பள்ளத்து மேட்டில் அவன் வெட்டினான். காய்ந்த மண் கட்டி கட்டியாக வந்தது. காலால் மிதித்து உடைத்து அள்ளிப்போட்டான். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக் கிழக்குப் பாறை வரை நடந்து கவிழ்த்தாள். புகைபோல மண் விரிந்தது. நீலம் மறைந்தது. திரும்பி வந்து கூடையை அவன் முன்னால் வைத்தாள். அவன் நிரப்பினான்.

மேலத்தெருப் பக்கம் குடம் உரசும் சத்தம் கேட்டபோது நிறுத்தினார்கள். ஆண்டாயி பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். மேலே கலங்கியிருந்தது. அதற்குக் கீழே மண் அதன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் வரணும்" என்றாள்.

செல்லமுத்து மண்வெட்டியை நீரில் அலசக் குனிந்தான். பிறகு அலசாமலே தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.